சக்கைக் கிண்ணம்

ஏறத்தாழ எட்டு மாதங்கள், ஒரு நாள்கூட விடாமல், காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை ஜூஸரின் பாகங்களைப் பொருத்தி வைப்பதுதான். இரண்டு ஆப்பிள், இரண்டு கேரட், ஒரு ஆரஞ்சு. ஆப்பிளின் நடுப்பகுதியை விதையோடு நீக்கி, ஆரஞ்சின் தோலை உரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினால், ஒரு பக்கம் செம்மஞ்சள் நிறச் சாறு நுரைத்துக்கொண்டு இறங்கும். மறுபக்கம் சக்கை கிண்ணத்தில் விழும். சாற்றை நின்றபடியே குடித்துவிடுவேன். சக்கையைக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டு, வடிகட்டியின் நுண்துளைகளில் அடைத்துக்கொண்ட நாரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதற்குத்தான், குடிப்பதைக் காட்டிலும் அதிக நேரம் பிடிக்கும்.

அந்தச் சக்கையை ஒரு நாள் எடை போட்டுப் பார்த்தேன். அதற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஆண்டுக்கொரு முறை வழக்கமாகச் செய்துகொள்ளும் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 5.9 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு அப்படி இல்லை. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே வந்தபோது, காலைச் சாற்றைப் பற்றிச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அவ்வளவு பழத்தையும் காயையும் அப்படியே தட்டில் வைத்தால், அதே இரண்டு நிமிடத்தில் உங்களால் சாப்பிட்டு முடிக்க முடியுமா?”

முடியாது என்று சொல்ல எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்த ஆண்டு என் உடல் எடையும் கூடியிருந்தது, நடைப்பயிற்சியும் குறைந்திருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் சாற்றின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. மறுநாள் காலை சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தேன். ஜூஸருக்குள் போனது 590 கிராம். சாறாக வந்தது 375 கிராம். கிண்ணத்தில் கிடந்த சக்கை 190 கிராம். மீதி இயந்திரத்தின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டது. சக்கையைக் கையில் எடுத்துப் பிசைந்தேன். நனைந்த மரத்தூளைப் போல இருந்தது. விரலால் அழுத்தினால் உருண்டையாக நிற்கும், விட்டால் உதிரும். ஆப்பிள் தோல் சிறு சிறு சிவப்புச் செதில்களாக அதில் ஒட்டியிருந்தது. வாயில் போட்டால் இன்னும் லேசாக இனித்தது.

இனி கணக்கு. அந்த 590 கிராமில் இருந்த சர்க்கரை சுமார் 50 கிராம். ஒரு பங்கு சக்கையின் ஈரத்தில் தங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், 35 கிராமாவது என் கோப்பைக்குள் வந்திருக்கும். நார்ச்சத்தோ சுமார் 14 கிராம். அதில் மிகப் பெரும்பகுதி கிண்ணத்தில் கிடந்தது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேற்பட்டதை நான் தினமும் காலையில் என் கையாலேயே பிரித்தெடுத்துக் குப்பையில் போட்டுவந்திருக்கிறேன்.

அதே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் ஒரு சொல் வருகிறது: கட்டற்ற சர்க்கரை. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு ஆகியவற்றோடு பழச்சாற்றில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை சேராது. ஒரே ஆப்பிள், ஒரே சர்க்கரை. ஆனால் செல்சுவருக்குள் அடைபட்டிருக்கும்வரை அதற்கு ஒரு பெயர், பிழிந்து வெளியே எடுத்துவிட்டால் வேறு பெயர். இந்தக் கட்டற்ற சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில், அதாவது கலோரியில், 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது பரிந்துரை. 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 25 கிராம். என் நாள் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தேன். அதுவும் உடம்புக்கு நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு.

செல்சுவருக்குள் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன, வயிற்றுக்குப் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதற்கு நான் கண்ட மிகத் தெளிவான விடை, 1977-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் எளிய ஆய்வு. உடல்நலத்தோடு இருந்த பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே, 60 கிராம். சாற்றை முழு ஆப்பிளைவிடப் பதினொரு மடங்கு வேகமாகவும், கூழைவிட நான்கு மடங்கு வேகமாகவும் உட்கொள்ள முடிந்தது. பிறகு வேகத்தைச் சமமாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கூழைவிடச் சாறும், முழு ஆப்பிளைவிடக் கூழும் குறைவாகவே வயிற்றை நிறைத்தன. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. வேறுபாடு இறங்கும்போது தெரிந்தது. சாறு குடித்த பிறகு சர்க்கரை சரேலெனக் கீழே விழுந்தது. கூழுக்குப் பிறகு அந்த வீழ்ச்சி குறைவு. முழு ஆப்பிளுக்குப் பிறகு அது இல்லவே இல்லை. இன்சுலின் சாற்றுக்கும் கூழுக்கும் கூடுதலாகச் சுரந்திருந்தது.

இதைப் படித்தபோதுதான், காலை எட்டு மணிக்குச் சாறு குடித்துவிட்டு ஒன்பதரை மணிக்கெல்லாம் கைகால் தளர்ந்து, எதையாவது தின்றே ஆக வேண்டும் என்று நான் சமையலறைக்குள் போய் நின்ற அந்த எட்டு மாதக் காலைகள் நினைவுக்கு வந்தன. பசி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் ஜூஸரைத் தள்ளிவிட்டு மிக்ஸிக்கு மாறிவிட்டால் போதுமா? பாதி போதும் என்பதே என் விடை. மிக்ஸி எதையும் வெளியே தள்ளுவதில்லை. ஜாருக்குள் போட்ட நார் அத்தனையும் கோப்பைக்கு வந்துவிடும். ராஸ்பெரி போன்ற விதையுள்ள பழங்களை அரைக்கும்போது, வாயில் கடிபடாமல் முழுதாக விழுங்கிவிடும் சிறு விதைகளும் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் நாரும் பிற பொருள்களும் வெளிவருகின்றன. அப்படி அரைத்த பானங்கள் முழுப் பழத்தைவிட ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றவில்லை, சில வேளை குறைவாகவே ஏற்றின என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ‘அரைத்தால் நார் செத்துவிடும்’ என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. நாரின் நீளம் குறையலாமே தவிர, நார் எங்கும் போய்விடுவதில்லை.

ஆனால் வயிற்று நிறைவு என்பது நார்ச்சத்துக் கணக்கு மட்டுமல்ல. 2009-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மதிய உணவுக்குச் சற்று முன்பு ஒரு குழுவினருக்கு ஆப்பிளை வெவ்வேறு வடிவங்களில் கொடுத்தார்கள். முழு ஆப்பிள் சாப்பிட்ட நாளில், அந்த ஆப்பிளையும் சேர்த்தே கணக்கிட்டாலும், எதுவும் சாப்பிடாமல் வந்த நாளைவிட அவர்கள் அந்த மதிய வேளையில் 15 சதவீதம் குறைவான ஆற்றலையே உட்கொண்டார்கள். கூழும் சாறும் அந்த அளவுக்கு உதவவில்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று: ஆப்பிளில் இருக்கும் அளவுக்கு நாரைச் சாற்றில் கலந்து கொடுத்தபோதும் வயிறு கூடுதலாக நிறையவில்லை. மெல்லுவதற்கு ஒரு வேலை இருக்கிறது. பல்லும் நாக்கும் நேரமும் சேர்ந்து செய்யும் அந்த வேலையை எந்த பிளேடும் நமக்காகச் செய்து தர முடியாது.

2013-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 1,87,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வாரத்துக்கு மூன்று முறை குடிக்கும் சாற்றின் இடத்தில் முழுப் பழத்தை வைத்தால், இரண்டாம் வகை நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு 7 சதவீதம் குறைவதாக அதன் கணக்கு. இது மனிதர்களின் பழக்கங்களைக் கவனித்துச் சொன்னதே தவிர, பரிசோதித்து நிறுவியதல்ல. இருந்தாலும் மேலே சொன்ன சிறு ஆய்வுகள் காட்டும் திசையிலேயே இதுவும் நிற்கிறது.

இதெல்லாம் அரைப்பதற்கே எதிரான வாதம் என்று யாரும் எண்ண வேண்டாம். அரைத்தால்தான் நன்றாகக் கிடைக்கும் சத்துகளும் உண்டு. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் அதன் கெட்டியான செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பச்சையாகக் கடித்துத் தின்றால் அதில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். நன்றாக அரைத்து, கூடவே கொஞ்சம் கொழுப்பும் சேர்த்தால், அந்தப் பங்கு கூடும். அதனால்தான் கேரட் அரைக்கும்போது நான்கைந்து பாதாம் பருப்பையோ ஒரு கரண்டி முழுக்கொழுப்புத் தயிரையோ சேர்த்துக்கொள்கிறேன். பீட்ரூட்டில் இருப்பது வேறு வகைப் பலன். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்குச் சுமார் மூன்று மணி நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் ஏறக்குறைய 10 புள்ளிகள் இறங்கியது. அதிலிருக்கும் நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றித் தருவதால் நடப்பது இது. கிருமிகளைக் கொல்லும் மவுத்வாஷால் வாயைக் கொப்பளித்துவிட்டால் இந்தப் பலன் பெரும்பாலும் போய்விடுகிறது. பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படத் தேவையில்லை. சிலருக்கு அப்படித்தான் ஆகும்.

எதை எதோடு சேர்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் என்று எனக்குக் கற்பித்தது வாழைப்பழம். வெட்டி வைத்த வாழைப்பழமும் ஆப்பிளும் கறுத்துப்போவதற்குக் காரணம் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. மிக்ஸியில் அரைக்கும்போது எல்லாச் செல்களும் உடைந்து, இந்த நொதி பானம் முழுவதும் பரவிவிடுகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிளேவனால் என்ற, இதயத்துக்கு உதவக்கூடிய பொருள்களை வாழைப்பழம் அரைத்த பானத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, அவற்றை மாத்திரையாகத் தனியே கொடுத்ததைவிட 84 சதவீதம் குறைவாகவே ரத்தத்தில் காணப்பட்டன. அந்த நொதி குறைவாக உள்ள பெரிப் பழங்களால் ஆன பானத்தில் அந்த இழப்பு இல்லை. வாழைப்பழம் கெட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. புளூபெரியும் கோகோவும் அவற்றின் ஃபிளேவனாலுக்காகவே சேர்க்கப்படுகின்றன என்றால், வாழைப்பழத்தை அந்த ஜாரில் போடாமல் தனியாகத் தின்றுவிடலாம் என்பதே பொருள். இதைப் படித்த நாள் முதல் என் ஜாரில் அவை ஒன்றாகச் சேர்வதில்லை.

அடுத்துச் சொல்லப்போவதை, பச்சை இலைகளைக் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பவர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டும். பசலைக்கீரையில், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். சமைத்துச் சாப்பிட்டால், வேகவைத்த நீரோடு ஒரு பகுதி போய்விடும். அதோடு, ஒரு வேளைக்கு நாம் சாப்பிடும் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. பச்சையாக அரைக்கும்போது இந்த இரண்டு தடைகளும் இல்லை. ஒரு பெரிய கட்டுக் கீரை ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும். 2018-இல் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான குறிப்பு 65 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது. உடலைச் ‘சுத்தம்’ செய்வதற்காக ஆக்சலேட் மிகுந்த பச்சைப் பானங்களைக் குடித்துவந்த அவருக்கு, அதுவரை நன்றாக இருந்த சிறுநீரகங்களில் ஆக்சலேட் படிகங்கள் படிந்து, அவை மீளவே இல்லை. வெகுநாள்களுக்கு முன்பு செய்துகொண்ட இரைப்பை அறுவை சிகிச்சையும், அண்மையில் தொடர்ந்து எடுத்துக்கொண்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அவரை எளிதில் பாதிக்கப்படக் கூடியவராக ஆக்கியிருந்தன. எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்களும், குடலில் அறுவை செய்துகொண்டவர்களும் தினமும் பச்சைக்கீரை அரைத்துக் குடிப்பதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். மற்றவர்களும் இலைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். முட்டைக்கோஸ் இனத்துக் கீரையான கேல் போன்றவற்றில் ஆக்சலேட் குறைவு. தயிர் சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

‘சுத்தம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இரவு பகலாகச் செய்துவருகின்றன. மூன்று நாள், ஏழு நாள் என்று வெறும் சாற்றை மட்டுமே குடித்துக் கிடந்தால் அவற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. புரதமோ ஏறக்குறைய இல்லாமலேயே போகிறது. இதை நம்பி உடல் நொந்தவர்களை நான் அறிவேன். விற்பவர்கள் மேல் எனக்கு இன்றுவரை தீராத கோபம் உண்டு.

சில மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்குக் கிரேப்ஃப்ரூட் என்ற பெரிய புளிப்புப் பழம் ஆபத்தானது. இது தெரியவந்த கதையே விந்தையானது. 1989-இல் கனடாவில், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவை தெரியாமல் இருக்க இந்தப் பழத்தின் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. காரணம் மது அல்ல, சாறு. குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. பாதிப்பு ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கும். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வைட்டமின் கே நிறைந்த கீரைகளின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறுகள் ஆகாது; நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. வெள்ளரி, சுரை, பூசணி இனத்துக் காய் எதுவாயினும், வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அப்படியே கீழே கொட்டிவிட வேண்டும். உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கவே கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறு வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு ஜூஸரைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். மிக்ஸியையும் அதோடு ஒதுக்கியிருப்பேன். அம்மாவின் பற்களால்தான் அது தங்கியது. கடவாய்ப் பற்கள் ஒரே மாதத்தில் நான்கு எடுக்கப்பட்டு, பல்செட் வரும்வரை அம்மாவால் எதையும் மெல்ல முடியவில்லை. கஞ்சி, கூழ் என்று மாவுப்பொருளாகவே சாப்பிட்டு எடையும் குறைந்தது, இன்சுலின் போடுபவர் ஆதலால் சர்க்கரையும் நிலையில்லாமல் ஆடியது. அப்போது மிக்ஸியில் அரைத்ததுதான் அம்மாவுக்குப் பழமும் காயும். முதலில் தயிர், பிறகு ஊறவைத்த பாதாம், பிறகு வேகவைத்து ஆறவைத்த கேரட், கடைசியில் அரை ஆப்பிள் தோலோடு. கெட்டியான பொருளை அடியில் போட்டால் பிளேடு வெறுமனே சுற்றும். நீர்மம் அடியில் இருந்தால்தான் மேலிருப்பதை இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி அரை நிமிடம் ஓட்டினால், கரண்டியிலிருந்து மெதுவாக நழுவி விழும் பதம் வரும்.

முதல் நாள் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதை எப்படிம்மா குடிக்கிறது? ஒரு ஸ்பூன் கொடு” என்றார். ஸ்பூனால் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொரு வாயையும் ஈறுகளுக்கிடையே சற்று நேரம் வைத்திருந்துதான் விழுங்கினார். நான் எட்டு மாதமாக இரண்டு நிமிடத்தில் முடித்த காரியத்தை அம்மா இருபது நிமிடம் செய்வதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து நான் அரைப்பதும் குடிக்கும் பதத்தில் இல்லை; நானும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன்.

வடித்த சாறு வீட்டில் இன்னும் ஓரிடத்தில் இருக்கிறது: அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்துப் பெட்டியோடு, 120 மில்லி அளவுள்ள சிறிய ஆரஞ்சு ஜூஸ் பெட்டிகள் இரண்டு. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டால், உடனே சுமார் 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நாரும் கொழுப்பும் தடையாகிவிடும். தயிரும் பாதாமும் சேர்த்து அரைத்தது உதவாது. மற்ற நேரங்களில் சாற்றின் குறையாக இருக்கும் அந்த வேகம்தான் அப்போது வேண்டியது. ஒரு பின்னிரவில் வியர்த்துக் கொட்டி, கைகள் நடுங்க அம்மா எழுந்து உட்கார்ந்தபோது, அந்தச் சிறு பெட்டியின் ஸ்ட்ராவைப் பிரித்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. மீட்டரில் 94 காட்டியது.

அம்மாவுக்குப் பல்செட் வந்து மூன்று மாதமாகிறது. ஜூஸரோடு வந்த சக்கைக் கிண்ணம் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. நல்ல அகலமான கிண்ணம். மாலையில் இரண்டு ஆரஞ்சுகளை உரித்து, சுளைகளை அதில்தான் போட்டு நடுவில் வைக்கிறேன். அம்மா ஒன்று எடுப்பார், நான் ஒன்று எடுப்பேன். கிண்ணம் காலியாகக் கால் மணி நேரம் ஆகிறது.